நாப்பத்தோரு செகண்டு

எங்க லேப்ல எல்லாரும் என்னைக் கூழக்கான்னுதான் கூப்பிடுவாங்க. பதினாறு வருஷமா கூழ் காச்சறவள வேற எப்படிக் கூப்பிடுவாங்க. இது குடிக்கிற கூழ் இல்ல. மீத்தைல் செல்லுலோஸ்னு ஒரு வெள்ளைப் பொடி, மரத்துலேர்ந்தும் பஞ்சுலேர்ந்தும் எடுக்கறது. ஐஸ்கிரீம் கெட்டியாகப் போடுவாங்க, மாத்திரைக்குப் போடுவாங்க, கண்ணுல விடற சொட்டு மருந்துக்கும் போடுவாங்க. நாங்க அதுல ரத்த செல் வளக்கறோம்.

எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையிலதான் ரத்தம் பொறக்குது. அந்த மஜ்ஜை செல்லைத் தண்ணி மாதிரி எதுலயாவது விட்டா, ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், எல்லாம் கலைஞ்சு ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். எது எதுக்குப் பொறந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கூழுல விட்டா நகர முடியாது. ஒரு செல் பெத்ததெல்லாம் அதே இடத்துல கும்பலா உக்காந்திருக்கும். பதினாலு நாள் கழிச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா தட்டு பூரா சின்னச் சின்னக் குடும்பங்க. மருந்து போட்ட தட்டுல எத்தனை குடும்பம், போடாத தட்டுல எத்தனைன்னு எண்ணினா, அந்த மருந்து மஜ்ஜைக்கு ஆகுமா ஆகாதான்னு தெரிஞ்சுடும். காச்சறதும் நான்தான், எண்ணறதும் நான்தான்.

அந்தப் பொடிக்குக் குணமே தலைகீழ். ஊருல இருக்கற எல்லாப் பொடியும் சூட்டுல கரையும், இது குளிர்லதான் கரையும். கொதிக்கற தண்ணியில தூவினா நனையுமே தவிர கரையாது. அப்புறம் ஐஸ் தண்ணி ஊத்தி, குளிர் ரூம்ல ஒரு நாள் முழுக்கக் கலக்க விட்டா, மெதுவா தெளிஞ்சு கண்ணாடி மாதிரி வரும். புதுசா வர்ற மேதாவிங்க நேரா பச்சத்தண்ணியில கொட்டிட்டு, உள்ள நனையாமலே கட்டி கட்டியா ஆனதும் என் மூஞ்சியப் பாப்பாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரு கால் மணி நேரம் திட்டிட்டு, நானே மறுபடி பண்ணிக் குடுத்துடுவேன்.

கூழ் சரியா வந்திருக்கான்னு பாக்க நான் ஒரு வழி வெச்சிருக்கேன். அது எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது. அவர் மெக்கானிக். கல்யாணமான புதுசுல ஒரு நாள் ஷெட்டுக்குப் போயிருந்தப்ப, ஒரு கண்ணாடிக் குழாய்ல இன்ஜின் ஆயிலை ஊத்தி, பேரிங்லேர்ந்து உதிர்ந்த இரும்புக் குண்டு மூணை ஒண்ணா உள்ள போட்டுக் காட்டினார். மூணும் மூணு சைஸு. பெரிசு விறுவிறுன்னு அடியில போயி உக்காந்துடுச்சு, சின்னது ஆடி அசைஞ்சு வந்துது. "ஆயில் கெட்டியா இருக்கா, நீத்துப்போச்சான்னு பாக்கணும்னா எப்பவும் ஒரே குண்டுதான் போடணும், குண்ட மாத்தினா கணக்கே மாறிடும்"னு சொன்னார். எனக்கு அப்ப அவர் மேல ஒரே பெருமை. ஒரு சின்ன மோட்டார் பேரிங்க உடைச்சு, கடுகு மாதிரி ஒரு குண்ட எடுத்து, தொடச்சுக் குடுத்தார். பதினோரு வருஷமா அந்த ஒரே குண்டுதான்.

ஒவ்வொரு பாட்டில் காச்சினதும் ஒரு ட்யூபுல கொஞ்சம் எடுத்து வெச்சுடுவேன். ட்யூபுல ரெண்டு கோடு, நடுவுல அஞ்சு சென்டிமீட்டர். குளிர் ரூம்லயே நின்னு குண்டைப் போட்டு, மேல் கோட்டுலேர்ந்து கீழ் கோட்டுக்கு வர எத்தனை செகண்டுன்னு பாப்பேன். நாப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சுக்குள்ள வரணும். வந்தா மூடியில எழுதிட்டு, காந்தத்தை வெளிப்பக்கம் வெச்சுக் குண்டை மேல இழுத்து எடுத்துடுவேன். காந்தம் எப்பவும் என் கோட்டுப் பையில இருக்கும்.

இப்ப என் நாத்தனாரப் பத்திச் சொல்லணும். சொல்லவே வாய் கசக்குது, ஆனா சொல்லித்தான் ஆகணும். அவ எங்க லேப்ல டாக்டர், படிச்சு வாங்கின டாக்டர் பட்டம். எனக்கு முதல்ல அவ சிநேகிதி. ரெண்டு பேரும் ஒரே வாரத்துல வேலைக்குச் சேந்தோம். ஒரே டப்பாவுல சாப்பிட்டோம். வாடி போடின்னுதான் பேச்சு. "எங்க அண்ணன் ஒருத்தன் இருக்கான், கோவமே வராது, உன் வாய்க்கு அவன்தான் தாங்குவான்"னு அவதான் பேச்சை ஆரம்பிச்சா. கல்யாணத்துக்கு மறுநாள் லேப்ல எல்லார் முன்னாலயும் "வாங்க அண்ணி"ன்னா பாருங்க, நான் சிரிச்ச சிரிப்புல ஒரு பாட்டில் கூழ் பாழாப் போச்சு. அதுலேர்ந்து அவளுக்கு நான் அண்ணிதான். எங்க வீட்டுல அவளுக்குன்னு ஒரு ரூம், ஒரு தட்டு, ஒரு போர்வை.

நாலு வருஷமா அவ ஒரு மருந்து மேல வேலை செஞ்சுட்டிருந்தா. மூட்டு வலிக்கான மருந்து. போன மாசம் கடைசி சோதனை, முழு அளவு மருந்து போட்டுப் பாக்கறது. அது தாண்டினா அடுத்த மாசம் முப்பது ஆளுங்களுக்கு நிஜமாவே குடுத்துப் பாப்பாங்க. நான் ரெண்டு பாட்டில் காச்சினேன். மருந்தில்லாத பன்னெண்டு தட்டையும் முதல் பாட்டில்ல போட்டேன், மருந்து போட்ட பன்னெண்டையும் ரெண்டாவதுல போட்டேன். ரெண்டு வகைத் தட்டுக்கும் ரெண்டு பாட்டில்லேர்ந்தும் பாதிப் பாதி போட்டிருக்கணும். "நேரமாகுது அண்ணி, அப்படியே போடுங்க"ன்னா, போட்டுட்டேன். அது என் தப்பு, இல்லைன்னு சொல்லல.

பதினாலாம் நாள் எண்ணினேன். மருந்தில்லாத தட்டுல சராசரி எண்பத்தி நாலு குடும்பம். மருந்து போட்ட தட்டுல முப்பத்தி ஒண்ணு. மறுபடி எண்ணினேன், அதே முப்பத்தி ஒண்ணு. மருந்து மஜ்ஜையக் கொல்லுது. அதுல குழப்பமே இல்ல. தாளை அவ கையில குடுத்தேன். அவ ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "சரி அண்ணி, நான் பாத்துக்கறேன்"னா. பாவம், நாலு வருஷ உழைப்புன்னு நெனச்சேன். அன்னிக்கு அவளுக்குப் பிடிச்சதா சமைச்சு வேற வெச்சேன். என் புத்திய என்ன சொல்ல.

பத்து நாள் கழிச்சு, செவ்வாக்கிழம மூணு மணிக்கு மீட்டிங்னு கூப்பிட்டாங்க. மேஜையில எங்க லேப் தலைவர், நாங்க பெரியவர்னு சொல்லுவோம், அவர் உக்காந்திருந்தார். பக்கத்துல மறுஆய்வுக் குழுவுலேர்ந்து வந்த ஒரு அம்மா. யார் என்ன பேசினாலும் ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாங்க. எதிர்ல என் நாத்தனார், லேப்டாப்போட. டீ குடுக்கத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சு நான் கப்பு வேற எடுத்துட்டுப் போனேன்.

"ரெண்டாவது பாட்டில் கூழ் நீத்துப்போயிருந்துது"ன்னு அவ ஆரம்பிச்சா. என் பக்கம் திரும்பவே இல்ல. "கூழ் நீத்துப்போனா செல்லெல்லாம் நகந்து ஒண்ணா சேந்துடும். மூணு குடும்பம் ஒண்ணாத் தெரியும். அதனாலதான் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு. அது மருந்தால இல்ல. அந்தப் பன்னெண்டு தட்டையும் கணக்குல எடுக்கக் கூடாது."

"என்ன பேசற நீ? நான் பாத்துதானே வெச்சேன்? நாப்பத்தி ஒண்ணு. மூடியில இருக்கு"ன்னேன்.

அவ லேப்டாப்பைத் திருப்பினா. வீடியோ. குளிர் ரூம், என் ட்யூப், மூடியில என் கையெழுத்து, பக்கத்துல கடிகாரம். குண்டு விழுது. மேல் கோட்டத் தாண்டி கீழ் கோட்டுக்குப் பதிமூணு செகண்டுல வந்துடுச்சு. மூணு தடவ ஓட்டிக் காட்டினா. என் சோதனை, என் ட்யூப், என் எழுத்து.

"அவங்க மேல தப்பு சொல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அந்த வாரம் அவங்க மனசு சரியில்லாம இருந்தாங்க. மார்புல ஒரு கட்டி இருந்துது. அந்தப் பயத்துல மூடியில ஏதோ எழுதியிருக்கலாம்"னா.

அந்தக் கட்டி விஷயம் இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவளுக்கும். வீட்டுக்காரர் பயந்துடுவார்னு அவர்கிட்டகூட நான் சொல்லல. டாக்டர்கிட்ட என் கையப் பிடிச்சுட்டு வந்தவ அவ. வெறும் கொழுப்புக் கட்டிதான்னு சொன்னதும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல கட்டிப் பிடிச்சு அழுதோம். அதை எடுத்து மேஜை மேல போட்டா. பெரியவர் கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சார். எனக்குக் கூசிப்போச்சு. கப்பைக் கையில பிடிச்சுட்டு அப்படியே நின்னேன்.

பெரியவர் ஒரு தாளை நீட்டினார். கூழ் தயாரிப்புல தவறு நேர்ந்துடுச்சுன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி எழுதியிருந்துது. "வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம். நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க"ன்னார். நான் போட்டா அந்தப் பன்னெண்டு தட்டும் குப்பைக்குப் போயிடும். மருந்து முப்பது பேரு வயித்துக்குள்ள போகும்.

நேரா குளிர் ரூமுக்குப் போனேன். உண்மையச் சொன்னா, அந்த நேரத்துல எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. பயத்துல ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனோ, பொடிய நிறுக்கும்போது மறந்துட்டேனோன்னு. ட்யூப எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். அடியில குண்டு கெடந்துது. எடுக்கக் காந்தம் வேணுமே, அது என் பையிலதானே இருக்கு. அவ அப்படியே விட்டுட்டுப் போயிருக்கா.

காந்தத்த வெச்சு மேல இழுத்தேன். கையில விழுந்ததும் ஏதோ கனமா இருந்துது. என் குண்டு வெச்சிருக்கற டப்பாவத் திறந்து, ரெண்டையும் உள்ளங்கையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ஒண்ணு கடுகு, இன்னொண்ணு மிளகு.

என் குண்ட அதே ட்யூபுல போட்டேன். கால் விறைக்க நின்னு பாத்தேன். நாப்பத்தி ஒண்ணு. என் கூழ் சரியாத்தான் இருந்துது. தரையில உக்காந்து அழுதேன், சந்தோஷத்துலயா ஆத்திரத்துலயான்னு எனக்கே தெரியல. கூழத் தொட்டா நான் கண்டுபிடிச்சுடுவேன்னு அவளுக்குத் தெரியும். அதான் அதை விட்டுட்டுக் குண்ட மாத்தியிருக்கா.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திட்டே இருந்துது. பேரிங் குண்டு அவகிட்ட ஏது? அவளுக்கு ஸ்க்ரூவுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது.

அஞ்சரை மணிக்கு ஷெட்டுக்குப் போனேன். எங்க வீட்டுக்காரர் ஒரு சைக்கிளத் தலைகீழா நிறுத்திட்டு உக்காந்திருந்தார். "என்னம்மா, இந்த நேரத்துல?"ன்னார். மிளகு குண்ட அவர் கையில வெச்சு, "இது எதுல வர்றதுங்க?"ன்னு கேட்டேன்.

"இதுவா, பெடல்ல போடறது"ன்னு டக்குனு சொல்லிட்டார். சொன்ன பிறகுதான் என் மூஞ்சியப் பாத்தார். கையில இருந்த ஸ்பேனரக் கீழ வெச்சார்.

"உங்க தங்கச்சிக்கு எப்பக் குடுத்தீங்க?"

"போன ஞாயித்துக்கிழம. நீ துணி காயப்போட மாடிக்குப் போனப்ப."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

அவர் எண்ணெய்த் துணிய எடுத்துக் கையத் தொடச்சார். தொடச்ச கையையே மறுபடி தொடச்சார். பதினோரு வருஷம் கூட இருந்திருக்கேன், அவர் பொய் சொல்லும்போதுதான் பேசுவார், உண்மைன்னா வாயத் திறக்க மாட்டார்.

"அவ ரொம்ப அழுதாம்மா"ன்னார் கடைசியா. "நாலு வருஷம் போயிடும், வேலையும் போயிடும்னா. கூழத் தண்ணி ஊத்தி நீத்தா அண்ணி அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சுடுவாங்க, என்ன பண்றதுன்னே தெரியலன்னு அழுதா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்..." அவர் தலையத் தூக்கல. "கூழை ஏன் தொடற, குண்ட மாத்திட்டா போதுமேன்னு நான்தான் சொன்னேன்."

எனக்கு முதல்ல சரியாக் காதுல ஏறல. அவ பண்ணினான்னதுக்கே நெஞ்சு எரிஞ்சுது. அது ஒரு பக்கம். ஆனா இது அவ யோசனை இல்ல. இன்ஜின் ஆயில்ல மூணு குண்டு போட்டு எனக்குச் சிரிச்சுக் காட்டினாரே, அதையே எடுத்து என் கழுத்துல வெச்சிருக்கார். நம்பவெச்சுக் கழுத்தறுக்கறதுன்னா அது இதுதான். வேற எதுவும் இல்ல.

"என் பேரு கெடும்னு தெரியாதா உங்களுக்கு?"ன்னேன்.

"உன்ன வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்கன்னு அவ சத்தியம் பண்ணினா. உனக்கு ஒரு எச்சரிக்கை, அவளுக்கு வாழ்க்கையே போச்சு. ரெண்டையும் வெச்சுப் பாத்தேன். நீ எப்படியும் தாங்கிப்பேன்னு தோணுச்சு."

"அந்த முப்பது பேரு?"

"அவ்வளவெல்லாம் ஆகாதுன்னா."

"முப்பத்தி ஒண்ணுங்க. எண்பத்தி நாலு இருக்க வேண்டிய இடத்துல முப்பத்தி ஒண்ணு. நான் ரெண்டு தடவ எண்ணினேன்."

"கையெழுத்துப் போட்டுடும்மா. நமக்குள்ள முடிஞ்சு போயிடும். குண்டு விஷயம் மட்டும் வெளியில வேண்டாம்"னார். அந்த "நமக்குள்ள"ங்கறதுல யாரெல்லாம் இருக்காங்கன்னு எனக்குப் புரியல. அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. நான் இருந்த மாதிரி தெரியல. குண்ட அவர் கையிலேர்ந்து எடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். அன்னிக்கு அடுப்புப் பத்த வெக்கல. அவர் வந்தார், தண்ணி குடிச்சுட்டுப் படுத்துட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அதே மேஜை, அதே மூணு பேர். நான் தாளை நீட்டினேன். கையெழுத்து இல்லைன்னு பாத்ததும் பெரியவர் முகம் சுருங்கிடுச்சு.

"எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் குளிர் ரூமுக்கு வாங்க. ஸ்வெட்டர் போட்டுக்கோங்க"ன்னேன்.

வந்தாங்க. நாலு பேருக்கு அந்த ரூம் பத்தாது, தோளோட தோள் இடிச்சுட்டு நின்னோம். என் நாத்தனார் கதவுப் பக்கம் நின்னா. அதே ட்யூப அந்தம்மா கையிலயே குடுத்து மூடியப் படிக்கச் சொன்னேன். அவங்க ஃபோன்லயே நேரம் பாக்கச் சொன்னேன். கடுகு குண்டப் போட்டேன். குண்டு அது பாட்டுக்கு மெதுவா இறங்குச்சு. "நாப்பத்தி ஒண்ணு"ன்னாங்க அந்தம்மா. காந்தத்தால எடுத்துட்டு மிளகு குண்டப் போட்டேன். "பதிமூணு"ன்னாங்க. ரெண்டையும் அவங்க நோட்டு மேலயே வெச்சேன்.

"வீடியோவுல விழுந்தது பெரிசு. அதை இந்த ட்யூபுக்குள்ள இருந்துதான் எடுத்தேன். கூழ் நல்ல கூழ். நான் எண்ணினதும் சரி. மருந்துதான் சரியில்ல"ன்னேன்.

பெரியவர் என் நாத்தனாரத் திரும்பிப் பாத்தார். அவளுக்கு மூஞ்சி வெளுத்துடுச்சு. "அவங்க டப்பாவுல ரெண்டு குண்டு கெடந்துது. எது போடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா. "அண்ணி, சொல்லுங்க அண்ணி. உங்க டப்பாவுலதானே இருந்துது?"

நான் தலைய ஆட்டினா போதும். தெரியாம நடந்த தப்புன்னு முடிஞ்சுடும். தட்டும் தப்பிச்சுடும், என் கூழும் தப்பிச்சுடும், அவளும் தப்பிச்சுடுவா, வீடும் வீடா இருக்கும். என்ன, அடுத்த மருந்துக்கும் அவளே சோதனை பண்ணுவா. பதினாறு வருஷத்துல எத்தனையோ தடவ அவளுக்காகத் தலைய ஆட்டியிருக்கேன்.

"என் டப்பாவுல எப்பவும் ஒரே குண்டுதான்"னேன். "குண்ட மாத்தினா கணக்கு மாறிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

அந்தம்மா பேனாவத் திறந்தாங்க. "அப்ப இந்தப் பெரிய குண்டு எங்கேர்ந்து வந்துது?"

"சைக்கிள் பெடல்லேர்ந்து. ஒரு மெக்கானிக் எடுத்துக் குடுத்தார்."

"அவர் யாருன்னு தெரியுமா?"

குளிர்ல என் பல்லு தந்தியடிச்சுது. கதவுப் பக்கம் அவ "அண்ணி"ன்னா, மெதுவா, வீட்டுல கூப்பிடற மாதிரி.

"என் வீட்டுக்காரர்"னேன்.

அந்தம்மா பேனா ஒரு நிமிஷம் நின்னுச்சு. "எதுக்குன்னு தெரியாமக் குடுத்திருப்பார், இல்லையா?"ன்னு கேட்டாங்க. நல்ல மனுஷி. எனக்கு ஒரு வழி விட்டுக் குடுத்தாங்க.

"தெரியும். யோசனையே அவருதுதான்"னேன். "அதையும் எழுதிக்கோங்க."